கல்லும் முள்ளும் காட்டும் காலம்

இரத்தினபுரிப் பகுதியில் இரத்தினக்கல் அகழ்வோர் நிலத்தைத் தோண்டிக் கீழே இறங்குங்கால், மேல் மண்ணையும் களியையும் கடந்து, கூழாங்கற்கள் செறிந்த ஒரு படையை அடைகின்றனர். அதற்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர் 'இல்லம்' என்பது. அந்தக் கல்மண்ணைக் கூடையில் வாரி, நீரில் அலசி, சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பர். பாரமான கற்கள் அடியில் தங்கும். நீலமும் புட்பராகமும் சிவந்த கற்களும் அங்ஙனமே மனிதர் கைக்கு வந்து சேர்கின்றன.

அக்குழிகளுக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களில், பெட்டிக்குள் துணியிற் சுற்றி வைத்துப் பாதுகாக்கப்படும் பழைய கைக்கடிகாரங்கள் சிலவேனும் இருக்கும். அவற்றின் முகத்தட்டில், கம்பனியின் பெயருக்குக் கீழே, '17 ஜுவல்ஸ்' என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உள்ளே பதினேழு இரத்தினங்கள் இருக்கின்றன என்பதே அதன் பொருள். இரத்தினங்கள் என்றதும், அவற்றைப் பெயர்த்தெடுத்து விற்றால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு! அக்கணக்கு பொய்த்துப்போகும் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நன்று. ஆயினும் அக்கற்கள் அங்கே வீணாக இருக்கவில்லை.

கைக்கடிகாரத்தின் உயிர்நிலை அதன் ஆடுசக்கரம். மயிரிழை போன்ற சுருள்வில்லின் துணைகொண்டு அது இப்புறமும் அப்புறமும் ஆடுகின்றது. பழைய கடிகாரங்கள் பல, நொடிக்கு ஐந்து அடி என்னும் வீதத்தில் இயங்குவன. அவ்வாறாயின் ஒரு நாளைக்கு 4,32,000 அடிகள். ஓராண்டுக்குப் பதினைந்து கோடிக்கு மேல். இச்சக்கரம் சுழலும் அச்சின் முனையோ ஊசி முனையினும் நுண்ணியது. அந்த உருக்கு முனை பித்தளைத் துளையொன்றில் அமர்ந்து இத்தனை கோடி முறை உராயுமாயின் என்ன ஆகும்? துளை தேயும், தேய்ந்த துளையில் அச்சு சாயும், எண்ணெய் கறுத்துப் பிசினாகும், கடிகாரம் காலத்தைப் பிழையாகக் காட்டும். ஆகவே தேயாததும், வழவழப்பானதும், ஒரு துளி எண்ணெயைத் தன் குழிவில் ஏந்தி நிற்பதுமான ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்குத் தகுதியாயமைந்தது மாணிக்கக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுமுறையில் வைரம் 10 எனின், மாணிக்கமும் நீலமும் 9 ஆகும். இவ்விரண்டும் நிறத்தால் வேறுபட்டனவேயன்றிப் பொருளால் ஒன்றே. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அக்கனிப்பொருளைத் தமிழில் குருந்தம் என்பர். ஆங்கிலத்தார் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது என்பது சொல்லாராய்ச்சியாளர் முடிபு.

மாணிக்கத்தில் நுண்துளையிட்டுக் கடிகாரத்தில் பொருத்தும் வித்தையைக் கண்டவர் நிக்கொலா பாசியோ என்னும் சுவிற்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர். இவர் நியூட்டனின் நண்பர். 1704ஆம் ஆண்டு, டெபோபிரே என்னும் பெயருடைய கைவினைஞர் இருவரோடு கூடி, இலண்டனில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வுரிமையை நீட்டித்துத் தருமாறு பாராளுமன்றத்தை அவர்கள் வேண்டியபோது, இலண்டன் கடிகாரக் கைவினைஞர் சங்கம் வெகுண்டெழுந்தது. 'இது புதியதன்று, முன்னரே எங்களவர் செய்ததுதான்' என்று கூறி, ஹகர்போர்ட் என்பவர் செய்த பழைய கடிகாரமொன்றைச் சான்றாகக் கொணர்ந்து காட்டினர். அதன் நடுவே கல்லொன்று பதித்திருந்தது. பாசியோவின் வேண்டுகோள் தோற்றது. நெடுங்காலத்தின் பின்னர் அக்கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தோர், அந்தக் கல் அச்சைத் தாங்கும் கல்லன்று, அழகுக்காக ஒட்டிவைத்த வெறும் அலங்காரக் கல் என்று கண்டனர். வழக்கில் வென்றவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, நீதி கிடைக்க வேண்டியவர் அப்போது உயிரோடு இல்லை.

அக்காலத்தில் கடிகாரத்துக்கு வேண்டிய கற்கள் இயற்கைக் கற்களே. உலகச் சந்தைக்கு மாணிக்கமும் நீலமும் அனுப்பிய நாடுகளில் இலங்கையும் பர்மாவும் முதன்மையானவை. நகைக்கு உதவாத சிறு கல்லும் துண்டுக் கல்லும் கடிகாரத்துக்குப் போதுமானவை. இந்நிலையை மாற்றியவர் ஒகுஸ்தே வெர்னோய் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். தூய அலுமினிய ஒட்சைட்டுத் தூளில் சிறிதளவு குரோமியச் சேர்வையைக் கலந்து, ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்தெரியும் சுவாலையின் ஊடாகத் துளித்துளியாக விழச் செய்தார். 2,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அத்தூள் உருகிக் கீழேயுள்ள தண்டின்மீது படிந்து, சில மணி நேரத்தில் சிறு பேரிக்காய் வடிவில் மாணிக்கமாக வளர்ந்தது. இம்முறையை அவர் 1902ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். பூமி தன் வயிற்றில் நெடுங்காலம் சுமந்து பெற்ற பொருள் ஒரு பிற்பகலில் ஆலையில் விளையலாயிற்று. அன்று முதல் கடிகாரக் கற்கள் மிக மலிந்தன. லயத்துப் பெட்டியிலுள்ள கடிகாரத்தின் பதினேழு கற்களும் இத்தகைய ஆலைக் கற்களே என்பதில் ஐயமில்லை.

பதினேழு என்னும் கணக்கு எங்ஙனம் வந்தது? ஆடுசக்கரத்து அச்சின் இரு முனைகளுக்கும் துளைக்கல்லும் மூடுகல்லுமாக நான்கு. அச்சக்கரம் நெம்புகோலைத் தட்டும் முனைக்கு ஒன்று. நெம்புகோலின் இரு பற்களுக்கு இரண்டு. அதன் அச்சுக்கு இரண்டு. அதன் பின்வரும் நான்கு சக்கரங்களுக்கும் ஒவ்வோர் அச்சுக்கு இரண்டாக எட்டு. கூட்டினால் பதினேழு. இதற்கு மேல் தானாகச் சாவி ஏறும் கடிகாரத்துக்கும், நாளும் கிழமையும் காட்டும் கடிகாரத்துக்கும் இன்னுஞ் சில கற்கள் வேண்டியிருக்கும். வேலையில்லாத இடங்களிலும் கற்களைத் திணித்து எண்ணிக்கையைப் பெருக்கி முகத்தட்டில் பெரிதாக எழுதிய வணிகர்களும் இருந்தனர். கல் மிகுந்தது நல்ல கடிகாரம் என்று கொள்வது, புத்தகத்தின் எடையைப் பார்த்து அறிவை மதிப்பது போன்றது.

இனி முகத்தட்டைப் பார்ப்போம். 'டயல்' என்று யாவரும் வழங்கும் இதுவே கடிகாரம் மனிதரோடு பேசும் முகம். ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலே தோன்றிய முதற் பைக்கடிகாரங்களில் ஒரு முள்தான் இருந்தது. அது மணியை மட்டும் காட்டிற்று. இரு எண்களுக்கிடையே கோடுகள் இட்டுக் கால் மணி, அரை மணியைக் கண்ணால் மதித்துக்கொண்டனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடிய கருவிக்கு நிமிட முள் எதற்கு? 1675ஆம் ஆண்டு ஹொலந்து நாட்டு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் ஆடுசக்கரத்துக்குச் சுருள்வில்லைப் பொருத்தும் முறையை வெளியிட்டார். பிழை சில நிமிடங்களாகக் குறைந்தது. நிமிட முள்ளும் வழக்கிற்கு வந்தது. நாடித்துடிப்பை எண்ணுதற்கென நொடி காட்டும் கடிகாரத்தைப் பயன்படுத்தியவர் சேர் ஜோன் புளோயர் என்னும் ஆங்கில மருத்துவர். அதுபற்றிய அவரது நூல் 1707இல் வெளிவந்தது. தோட்டத்து மருந்துசாலையில் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றியபடி தம் கடிகாரத்தை நோக்கி நிற்கும் வைத்தியரின் நிலை அவர் தொடங்கிவைத்ததே.

பழைய முகத்தட்டுகள் செம்புத் தகட்டின்மீது கண்ணாடிப் பூச்சு உருக்கி ஆக்கப்பட்டவை. உலையில் பன்முறை சுட்டெடுத்து, அதன்மேல் எண்களை மெல்லிய தூரிகையால் எழுதி, மீண்டும் சுடுவர். நூறாண்டு கழிந்தும் அவ்வெண்மை மங்குவதில்லை. ஆனால் கீழே விழுந்தால் பீங்கான் போல் வெடிக்கும். கைக்கடிகாரங்கள் பெருகிய பின்னர்ப் பித்தளைத் தகடு வந்தது. அதற்கு வெள்ளி முலாமோ வர்ணமோ பூசி, மென்மையான அச்சுக்கட்டையால் எண்களை ஒற்றியெடுத்தனர்.

உரோம எண் பொறித்த முகத்தட்டுகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். நான்கு என்பதை ஐந்தின் குறிக்கு முன் ஒரு கோடிட்டு எழுதுவதே பள்ளியிற் கற்பிக்கும் முறை. கடிகாரத்திலோ பெரும்பாலும் நான்கு கோடுகளே நிற்கும். இதற்குப் பலர் பல கதை கூறுவர். அரசன் ஒருவனின் ஆணை என்பாரும் உளர், அஃது ஏற்கத்தக்கதன்று. கண்ணுக்கினிய காரணமொன்று அத்தட்டிலேயே உள்ளது: நான்கு கோடு இட்டால் முதல் நான்கு மணிகளும் கோடுகளால் மட்டும் அமைகின்றன, அடுத்த நான்கில் ஐந்தின் குறி வருகின்றது, இறுதி நான்கில் பத்தின் குறி வருகின்றது. வட்டம் மூன்று சம பங்காகப் பிரிந்து நிற்கும். எனினும் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரத்துப் பெருங்கடிகாரம் பள்ளி முறையையே பின்பற்றுகின்றது.

கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிய வரலாறு வேடிக்கையானது. பாரிஸ் நகரத்துப் பிரெகே என்னும் வல்லுநர், நேப்பிள்ஸ் அரசியாகிய கரோலின் மூராவுக்கென 1812ஆம் ஆண்டு மணிக்கட்டில் அணியும் கடிகாரமொன்றைச் செய்து முடித்தார். பின் ஒரு நூற்றாண்டளவும் அது பெண்டிரின் அணிகலனாகவே கருதப்பட்டது. ஆடவர் அணிதல் நகைப்புக்கிடமாயிற்று. 1904இல் சாந்தோஸ் துமோன் என்னும் வானோடிக்காகக் கார்த்தியே என்பவர் கைக்கடிகாரம் அமைத்துக் கொடுத்தார். விமானத்தின் பிடியை விட்டுவிட்டுச் சட்டைப்பையைத் துழாவ முடியாதன்றோ! 1914இல் மூண்ட முதல் உலகப் போர் நகைப்பை முற்றாக ஒழித்தது. பதுங்குகுழியிலிருந்து வீரர் எழுவதும் பீரங்கி முழங்குவதும் குறித்த நிமிடத்தில் நிகழவேண்டியிருந்தது. அவர்களது கடிகாரம் இருளிலும் தெரியவேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்து பிறந்ததுதான் முகத்தட்டின் வரலாற்றிலே மிகத் துயரமான பகுதி.

கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த ரேடியத்தைத் துத்தநாகச் சேர்வையொன்றோடு கலந்தால், அது இரவும் பகலும் பசுமையாய் ஒளிரும். இவ்வொளிப்பூச்சை எண்களின் மீதும் முட்களின் மீதும் இடுவதற்கு, அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து ஓரஞ்ச் நகரில் 1917 முதல் இளம் பெண்கள் நூற்றுக்கணக்கில் அமர்த்தப்பட்டனர். சிறிய எண்ணுக்குக் கூர்மையான தூரிகை வேண்டும். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உதட்டில் வைப்பதும், பூச்சில் தோய்ப்பதும், எழுதுவதுமாக நாள் முழுதும் வேலை. தீங்கில்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சிலர் விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டு மாலையில் வீடு சென்றனர். அதே ஆலையில் ரேடியத்தைக் கையாண்ட அறிஞர்களோ ஈயத் திரைக்குப் பின்னின்று, இடுக்கியால் வேலை செய்தனர்.

உடலுக்குள் சென்ற ரேடியம் சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பிலே போய்த் தங்கும் இயல்புடையது. முதலில் பற்கள் விழுந்தன, பின்னர்த் தாடையெலும்பு உளுத்தது, இரத்தம் வற்றியது. 1922 முதல் அப்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். கிரேஸ் பிரையர் என்பவரும் அவருடைய தோழியர் நால்வரும் 1927இல் வழக்குத் தொடுத்தனர். தங்களுக்காக வாதாடும் வழக்கறிஞரைத் தேடவே அவர்களுக்கு நெடுநாள் பிடித்தது. 1928இல் கம்பனி நட்டஈடு தர இணங்கியது. அப்பூச்சை ஆக்கிய சொசோக்கி என்பவரே அவ்வாண்டில் அதன் நஞ்சால் இறந்தார். தொழிலால் வரும் நோய்க்குத் தொழில் கொடுத்தவர் பொறுப்பு என்னும் கொள்கை வலுப்பெறுதற்கு இவ்வழக்கு பெரிதும் காரணமாயிற்று. கூலிக்கு உழைப்பவரின் உடலை நேரத்தின் பெயரால் விலை பேசும் வழக்கு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

சப்பிரகமுவத் தோட்டங்களின் பழைய வாழ்க்கையை நோக்கினால், அங்கே நேரம் என்பது கேட்கப்பட்ட பொருளேயன்றிப் பார்க்கப்பட்ட பொருளன்று. விடியுமுன் தப்பு முழங்கும். அல்லது கொம்பு ஊதும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும். கடிகாரம் துரையிடமும் கண்டக்டரிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. பிந்தி வந்தவர் எவ்வளவு பிந்தினார் என்பதைக் காட்டும் முள் அவர் கையில் இல்லை. அரைப்பேர் என்று எழுதும் எழுதுகோலும் அவர் கையில் இல்லை. பேர் என்பது ஒரு நாட் சம்பளம். ஆதலால் அங்கே நிமிட முள் அசைந்தால் அடுப்பில் உலை அசைந்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியோடு வேலை நாளின் நீளத்துக்கும் ஓர் எல்லை கட்டிற்று. எல்லை கட்டிய பின்னரும், அந்த எல்லையை அளப்பவர் யார் என்னும் வினா எஞ்சி நின்றது. தொழிலாளி வீட்டில் கைக்கடிகாரம் நுழைந்தது ஓர் ஆடம்பரம் என்று சிலர் எள்ளினர். அஃது ஆடம்பரமன்று, கணக்கைச் சரிபார்க்க அவர் வாங்கிய முதற் கருவி.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பகான் நேரம்' என்று ஒன்று உண்டு. அது இந்தியப் பொது நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. சூரியன் அங்கே வெகு முன்னதாகவே உதிப்பதால், பகலொளியை வீணாக்காதிருக்கத் தோட்டக்காரர் கடிகாரத்தையே மாற்றி வைத்துக்கொண்டனர்.

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் கடிகாரத்தினும் சூரியனே கண்டிப்பான மேற்பார்வையாளன். மரப்பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுப்பதால் அவ்வழுத்தம் குறைந்து பால் வரத்து தளரும். ஆகையால் பால்வெட்டுக்கு இருட்டோடு எழவேண்டியதாயிற்று. தேயிலை ஆலையில் வேறு வகை நேரம். அரைத்த கொழுந்து நொதிக்கும்போது நிறமும் மணமும் பிடிக்கும் பக்குவம் நிமிடக் கணக்கில் மாறும். டீமேக்கர் மூக்கையும் கண்ணையும் நம்புவார். கூடவே கடிகாரத்தையும் நம்புவார்.

பொது நேரத்தை இம்மலைகளுக்குக் கொணர்ந்தது புகைவண்டி. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1902இல் அவிசாவளையையும், 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. வண்டி பிடிக்க விரும்புவோர் நிலையத்துக் கடிகாரத்துக்கு அடங்கவேண்டும். கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை இலங்கை 1906இல் ஏற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கடிகாரங்கள் முன்னுக்குத் தள்ளப்பட்டு, 1945இல் பழைய நிலைக்குத் திரும்பின. 1996 மே மாதத்தில், மின் தட்டுப்பாட்டை ஈடுசெய்ய, ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பாதை தேடினர். அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கிற்று. 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரைக்கே வந்து சேர்ந்தது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பாதை 1976இல் மூடப்பட்டது. புகைவண்டி போன பின்னரும் அது கொணர்ந்த நேரம் தங்கிவிட்டது. 1925இல் கொழும்பிலிருந்து வானொலி ஒலிக்கத் தொடங்கிய பின், செய்திக்கு முன் கேட்கும் நேர ஒலிக்குத் தம் முட்களைத் திருத்திக்கொள்வது இல்லந்தோறும் வழக்கமாயிற்று.

இந்தியாவில் எச்.எம்.ரி. நிறுவனம் 1961இல், ஜப்பானியச் சிற்றிசன் கம்பனியின் உதவியோடு, பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா என்னும் வகை எளிய மக்கள் பலரின் முதற் கடிகாரம். 2016இல் அக்கடிகாரத் தொழில் மூடப்பட்டது. தமிழ்நாட்டின் ஓசூரில் 1980களில் எழுந்த டைட்டன் ஆலையோ குவார்ட்சு முறையையே பெரிதும் தழுவிற்று. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் சேய்க்கோ கம்பனி வெளியிட்ட முறை அது. இன்றைய குவார்ட்சுக் கடிகாரத்துள் மின்கலத்தால் இயங்கும் பளிங்குத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. ஆடுசக்கரம் இல்லை, கற்களும் மிகச் சில, அல்லது ஒன்றுமில்லை. மலிவிலும் துல்லியத்திலும் பழைய கடிகாரம் இதனோடு போட்டியிட இயலாது.

கல்லுக்கு வேலை குறைந்தபோது அது முகத்தட்டின் மேலே ஏறிக்கொண்டது. விலையுயர்ந்த கடிகாரங்களில் முகத்தை மூடும் ஒளிபுகு தகடு இன்று ஆலையில் வளர்த்த நிறமற்ற நீலக்கல். இரத்தினபுரி மண்ணில் விளையும் அதே குருந்தம்! மணலோ உருக்கோ அதைக் கீற முடியாது. ஆனால் பாறைமீது விழுந்தால் அது உடையும். பழைய கடிகாரத்துப் பிளாத்திக்குத் தகடு எளிதில் கீறுபடும். எனினும் தேய்த்து மெருகேற்றினால் மீண்டும் தெளியும்.

பெட்டியிலுள்ள பழைய கடிகாரத்தை ஓடவைக்க விரும்புவோர்க்கு இரண்டு செய்திகள் பயன்படும். கற்கள் தேய்வதில்லை; எண்ணெய்தான் காய்கின்றது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும். காய்ந்த நிலையில் சாவி கொடுத்து ஓட்டினால் அச்சு முனைகள் அழியும். இரண்டாவது செய்தி எண்களைப் பற்றியது. 1960களுக்கு முற்பட்ட கடிகாரத்தின் எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய தடித்த பூச்சு இருப்பின், அது ரேடியமாக இருக்கக்கூடும். இருளில் அது ஒளிரவில்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமன்று. கெட்டுப்போனது ஒளிதரும் துத்தநாகச் சேர்வையே. ரேடியம் பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் செல்லும். பின்னர் வந்த டிரிட்டியம் பூச்சு பன்னிரண்டு ஆண்டுகளிற் பாதியாகிவிடும். இன்று பூசப்படுவதோ கதிர்வீச்சற்ற வேறு பொருள். மூடியிருக்கும் வரை பழைய கடிகாரத்தால் வரும் தீங்கு சிறிது. அதை வீட்டில் திறத்தலும், எண்களைச் சுரண்டுதலும், உதிர்ந்த தூளை வாயால் ஊதுதலும், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தலும் ஆகா. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, இஃது இரவில் ஒளிர்ந்த கடிகாரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூடியைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதுவது அத்தொழிலிற் பலருக்கும் உள்ள பழக்கம்.